மரை பிடிக்கும் வரை

தம்பி,

பட்டறைக்குள் முதல் நாள் காலெடுத்து வைத்திருக்கிறாய். நீ என் சொந்தப் பேரனாக இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி, எனக்கு இரண்டும் ஒன்றுதான். மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் 15 வயதில் எண்ணெய்த் துணி அலசச் சேர்ந்தவன் நான். பிறகு 50 ஆண்டுகளுக்கு மேல் லேத் முன்னால் நின்றேன். திரும்பிப் பார்த்தால் என் கையில் பிறந்ததில் பாதிக்கு மேல் சுருள்தான். போல்ட்டின் மரை, ஸ்பிரிங், ஜாக்கியின் தண்டு, மாடிப்படி, சுருண்டு விழுந்த இரும்புச் சீவல் எல்லாமே சுருள்.

சுருளில் இரண்டு வகை உண்டு. கை முறுக்கைப் போலத் தட்டிலேயே படுத்துச் சுற்றிச் சுற்றி அகல்வது ஒன்று. போல்ட்டு மரையைப் போலச் சுற்றிக்கொண்டே ஏறுவது மற்றொன்று. எந்த வகையானாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும். நகராமல் சுற்றினால் அது வெறும் வளையம். சுற்றாமல் நகர்ந்தால் அது ஆணி. அடித்துத்தான் இறக்க வேண்டும். இந்த ஒன்றை விளங்கிக்கொள்ள எனக்கு ஓர் ஆயுள் ஆயிற்று. நான் செய்த தவறுகளோடு சேர்த்து உனக்குச் சொல்கிறேன்.

1. விரலால் ஏறாததை ஸ்பேனரால் ஏற்றாதே.

நட்டைக் கையில் எடுத்ததும் ஸ்பேனரைத் தேடாதே. முதல் மூன்று சுற்று விரல் நுனியிலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முன்னால் திருகுவதை நிறுத்திவிட்டு மெல்லப் பின்னால் திருப்பு. ஓரிடத்தில் சின்ன இறக்கம் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். மரையின் வாய் அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து முன்னால் திருப்பினால் தானாக ஏறும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மோட்டார் சைக்கிளின் இன்ஜின் மூடியைப் பூட்டச் சொன்னார்கள். எனக்குச் சாயங்காலப் பேருந்தைப் பிடிக்கிற அவசரம். ஒரு போல்ட்டு பாதியில் நின்றது. இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து ஏற்றினேன். மரை மாறிக் கோணலாக ஏறியிருந்தது அப்போது தெரியவில்லை. மறுநாள் கழற்றும்போது அலுமினிய உடலிலிருந்த மரை மொத்தமும் போல்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மேஸ்திரி கை ஓங்கவில்லை. "பின்னால போகத் தெரியாதவனுக்கு முன்னால வழி கிடையாதுடா" என்று மட்டும் சொன்னார். பட்டறைக்கு வெளியேயும் அந்தச் சொல் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. புது ஊர், புது உறவு, புது வேலை எதுவானாலும் முதல் மூன்று சுற்று விரலாலேயே ஏற்று.

2. ஒட்டுகிறதெல்லாம் பொருத்தம் என்று நம்பாதே.

அரை அங்குலப் போல்ட்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஒன்று ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த முறையைச் சேர்ந்தது. அதில் அங்குலத்துக்கு 12 மரை, பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. மற்றது அமெரிக்க முறை. அதில் அங்குலத்துக்கு 13 மரை, கோணம் 60 டிகிரி. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஒன்றிரண்டு சுற்று நல்ல பிள்ளையாக ஏறும். இறுகுவது அதற்கப்புறம்தான். அறுவடை நேரத்தில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. நட்டு கொஞ்சம் முரண்டுபிடித்தது. அளந்து பார்க்காமல் இறுக்கி, "சரியாயிடுச்சு" என்று அனுப்பிவிட்டேன். களத்தில் ஓடும்போது நட்டு பிளந்து புல்லி கழன்றது. கடவுள் புண்ணியம், யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அடிக்காத கதிர் களத்திலேயே கிடக்க, அன்றிரவு மழை பெய்தது. நனைந்த நெல்லை அந்த விவசாயி கையில் அள்ளிக் காட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஈர நெல்லின் வாசம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சீப்புப் போலப் பல் வைத்த மரை கேஜ் ஒன்று உன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். அதை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது.

3. இடமா வலமா என்று கேட்டபிறகு கை வை.

பெரும்பாலான மரை வலப்பக்கம் திருகினால் இறுகும். அந்தப் பழக்கத்திலேயே கை எல்லாவற்றையும் திருகப் பார்க்கும். ஆனால் சைக்கிளின் இடது பெடலில் மரை இடது. மிதிக்கிற மிதியில் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்கள். இது தெரியாமல் ஒரு பெரியவரின் சைக்கிளில் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று, கழற்றுவதாக நினைத்து இறுக்கி உடைத்திருக்கிறேன். வெல்டிங் கூடத்தில் அசிட்டிலின் சிலிண்டரின் நட்டைப் பார். பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கும். இடது மரைக்கு அதுதான் அடையாளம். ஆக்சிஜனுக்கு வலது மரை. ஒன்றின் குழாயை மறந்துபோய் மற்றதில் மாட்டி உயிர் போகக் கூடாது என்று யாரோ ஒரு நல்லவர் யோசித்த ஏற்பாடு அது.

இயற்கையிலும் இந்த இரண்டு கையும் உண்டு. சோழவந்தான் தோப்புகளில் அண்ணாந்து பார். சில தென்னையில் மட்டைகள் இடமாகச் சுற்றி ஏறும், சிலவற்றில் வலமாக. இரண்டும் காய்க்கும். மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி அரிதிலும் அரிது. நாம் வலம்புரி என்று கும்பிடுவதை உயிரியல் படித்தவர்கள் இடச்சுருள் என்பார்கள். அவர்கள் சங்கின் கூர் நுனியை மேலே வைத்து வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்கிறார்கள். நாம் அந்த நுனியைக் கீழே வைத்துப் பார்க்கிறோம். சங்கு ஒன்றுதான், பெயர்தான் மாறுகிறது. உன்னோடு ஒருவர் முரண்பட்டால், அவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார் என்று முதலில் கேள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

4. சுற்றிப் போவதற்கு வெட்கப்படாதே.

பஸ்ஸைத் தூக்கும் திருகு ஜாக்கியை எடுத்துக்கொள். மரைக்கும் மரைக்கும் 6 மில்லிமீட்டர் இடைவெளி, கைப்பிடி 30 சென்டிமீட்டர் நீளம் என்று வை. ஒரு முழுச் சுற்றுக்கு உன் கை ஏறக்குறைய 188 சென்டிமீட்டர் நடக்கும். வண்டி ஏறுவது வெறும் 6 மில்லிமீட்டர். கை 300 பங்குக்கு மேல் சுற்றி நடப்பதால்தான் ஒற்றை ஆள் ஒரு பஸ்ஸைத் தூக்க முடிகிறது. அந்த லாபத்தில் பாதிக்கு மேல் உராய்வு தின்றுவிடும். தின்றால் தின்னட்டும். அந்த உராய்வு இல்லாவிட்டால் நீ கையை எடுத்த கணமே பஸ் கீழே இறங்கிவிடும். உன்னைத் தாமதப்படுத்துவது எல்லாம் உனக்குப் பகை என்று நினைத்துவிடாதே.

எனக்கு 24 வயதில் சொந்த லேத் வாங்கும் வெறி வந்தது. கந்துவட்டிக்கு வாங்கி நேராக மேலே ஏறப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் லேத்தும் போனது, என் மனைவியின் கம்மலும் போனது. பிறகு மாதச் சீட்டுக் கட்டி, 12 வருடம் சுற்றி, பழைய லேத் ஒன்று வாங்கினேன். அது என்னிடமே தங்கியது. என் அம்மா வேண்டுதல் என்றால் வெளி வீதியில் தொடங்கி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள் ஆடி வீதி என்று ஒவ்வொன்றையும் ஒரு சுற்று சுற்றித்தான் மீனாட்சி முன்னால் போய் நிற்பாள். வரைபடத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்த சதுரங்கள். அங்கே சுருள் கிடையாது. அம்மாவின் காலடிகளைச் சேர்த்து வரைந்திருந்தால் சுருள் வந்திருக்கும். உள்ளே போவதற்குள் அவள் முகத்திலிருந்த பதற்றம் அடங்கியிருக்கும்.

5. சேரச் சேர இடம் விடு.

வயல் கிணற்று பம்பின் வயிற்றைத் திறந்து பார். நத்தைக் கூடு போலிருக்கும். நடுவிலே இம்பெல்லர் சுழலும். அதன் விளிம்பு முழுவதிலுமிருந்து தண்ணீர் தெறித்துச் சுற்றுப் பாதையில் வந்து சேரும். பாதை தொடங்குமிடத்தில் தண்ணீர் கொஞ்சம். போகப் போக மேலும் மேலும் சேரும். அதனால்தான் பாதையும் போகப் போக அகலமாகிறது. எல்லா இடத்திலும் ஒரே அகலம் வைத்திருந்தால் கடைசியில் வந்து சேரும் தண்ணீர் முட்டி மோதிக் குழம்பும். நத்தையும் இதையேதான் செய்கிறது. உடம்பு பெருக்கும்போது பழைய கூட்டை உடைத்துப் போடாமல், வாய்ப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அகலமாகக் கட்டிக்கொள்கிறது. பட்டறையில் ஆள் சேரும்போதும், வீட்டுக்கு மருமகள் வரும்போதும், பேரப்பிள்ளைகள் பிறக்கும்போதும் நான் இடத்தை அகலமாக்காமல் முதல் நாள் வைத்த சட்டத்தையே வைத்திருந்தேன். மோதல் வந்தபோது வந்தவர்களைக் குறை சொன்னேன். குறை என் பாதையின் அகலத்தில் இருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். வாடிப்பட்டிப் பக்கம் புதுப் பம்பு ஒன்றில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். ஃபுட் வால்வைக் கழற்றினேன், இம்பெல்லரைக் கழற்றினேன், பகல் முழுவதும் போனது. சாயங்காலம் வந்த வயதான எலக்ட்ரீஷியன் பம்பின் மேல் வார்த்திருந்த அம்புக்குறியைப் பார்த்தார். மூன்று பேஸ் ஒயரில் இரண்டை மாற்றிக் கொடுத்தார். அதுவரை மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. இரைச்சல் அதே இரைச்சல், கரண்ட் செலவும் உண்டு, தண்ணீர் மட்டும் பாதிகூட இல்லை. மும்முரமாகச் சுழல்கிறோம் என்பதாலேயே சரியான திசையில் சுழல்கிறோம் என்று எண்ணிக்கொள்ளாதே.

6. முறுக்கு அளவோடு இருக்கட்டும்.

நம் மொழியில் முறுக்கு என்றால் தின்பண்டம், நூலுக்கு ஏற்றும் திருகல், மனிதனின் விறைப்பு, மூன்றும்தான். கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து நூல் முறுக்கும் தக்களி எடுத்திருக்கிறார்கள். அங்கே 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. ஒன்றரை அங்குலம்கூட இல்லாத பஞ்சு இழைகள் எந்தப் பசையும் இல்லாமல் முழ நீள நூலாக நிற்பது முறுக்கினால் மட்டுமே. முறுக்கு இழையை இழையோடு நெருக்குகிறது, உராய்வு பிடித்துக்கொள்கிறது. முறுக்கு குறைந்தால் இழுத்ததும் நூல் பிரிந்துவிடும். கூடிவிட்டால் தன்மேலேயே சுருண்டு முடிச்சாகி அறுந்துவிடும். ஹார்வி மில்லில் வேலை பார்த்த என் மாமா இதைக் கையால் தடவியே சொல்லிவிடுவார்.

கயிறு திரிப்பவர்களைக் கவனி. ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாகத் திரித்து, புரிகளை ஒன்றுசேர்க்கும்போது மறுபக்கமாக முறுக்குவார்கள். ஒன்று பிரியப் பார்த்தால் மற்றது இறுகும். நானும் என் தம்பியும் ஒரே பக்கம் முறுக்கிக்கொண்ட இரண்டு புரிகள். நான் விறைத்தால் அவனும் விறைப்பான். பங்குப் பிரச்சினையில் நாங்கள் பேசாமலிருந்தது 9 வருடம். யாராவது ஒருவர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் கயிறாகியிருப்போம்.

7. பிடி, ஆனால் விறைப்பாகப் பிடிக்காதே.

பந்தலில் பாகற்கொடியைப் பார்த்திருப்பாய். அதன் பற்றுக்கம்பி முதலில் நேராக நீண்டு ஒரு குச்சியைத் தொடும். தொட்ட நுனி குச்சியைச் சுற்றிக்கொள்ளும். அதன் பிறகு நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டு கொடியைப் பந்தலின் பக்கம் இழுக்கும். நெருங்கிப் பார்த்தால் பாதிச் சுருள் ஒரு பக்கமாகவும் மீதிப் பாதி எதிர்ப்பக்கமாகவும் சுற்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன நேர்த்துண்டு இருக்கும். இரண்டு முனையும் கட்டுண்ட ஒரு பொருள் தன்னைத் திருகிக்கொள்ளாமல் சுருள வேண்டுமென்றால் இப்படித்தான் முடியும். டார்வின் 150 வருடங்களுக்கு முன்பே இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆடிக்காற்றில் பந்தலே ஆடினாலும் கம்பி அறுவதில்லை. நீண்டு கொடுக்கும், காற்று நின்றதும் மறுபடி சுருங்கும். என் மகன் லேத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னபோது நான் அவனை நேர்க்கம்பியாகப் பிடித்தேன். வீட்டை விட்டுப் போய்விட்டான். மூன்று தீபாவளி அவன் இல்லாமல் போனது. திரும்பி வந்த பிறகுதான் பந்தலடியில் உட்கார்ந்து அந்தக் கம்பியை முதன்முதலாகக் கவனித்தேன்.

8. விட்டால் விரியும் என்பதைக் கணக்கில் வை.

ஸ்பிரிங் சுற்றும்போது, தேவையான உள்விட்டத்திலேயே கம்பியைச் சுற்றும் தண்டை எடுத்தால் ஏமாந்து போவாய். கம்பியை விட்டதும் அது தன் பழைய நேர்மையை நினைத்துக்கொண்டு கொஞ்சம் விரியும். அதனால் தண்டு எப்போதும் ஒரு அளவு சிறியதாக இருக்க வேண்டும். எவ்வளவு சிறியது என்பது கம்பிக்குக் கம்பி மாறும். முதலில் ஒன்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நூறு சுற்ற வேண்டும். நான் நூறையும் சுற்றிவிட்டு அளந்தேன். ஒன்றும் உதவவில்லை. மனசும் இந்தக் கம்பி மாதிரிதான். நாளைக்கு ஏழு மணிக்குப் பட்டறை திறக்க வேண்டுமென்றால் ஆறரை என்று தீர்மானம் செய். பீடியைக் குறைக்கிறேன் என்றவர்கள் யாரும் குறைத்ததில்லை. விட்டேன் என்றவர்களில் சிலர்தான் குறைக்கவாவது செய்தார்கள்.

9. உன் படியில் ஏறப்போகிறவரின் தலையை நினை.

மாசி வீதிக்குப் பின்னால் ஒடுங்கிய சந்து வீடு ஒன்றில் மொட்டை மாடிக்கு இரும்புச் சுழல்படி போடச் சொன்னார்கள். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றிப் படிகள். வழக்கமாக ஒரு சுற்றுக்கு 12 படி, படிக்கு ஏழரை அங்குல உயரம் என்று வைப்பேன். ஒரு சுற்றில் ஏழரை அடி ஏறிவிடும், தலைக்கு மேலே இருக்கிற படி இடிக்காது. அந்த வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. படி தாழ்வாக இருக்கட்டும் என்றார்கள். நல்லது செய்கிற நினைப்பில் 6 அங்குலமாகக் குறைத்தேன். சுற்றுக்கு 12 என்பதை மாற்ற மறந்தேன். ஒரு சுற்றுக்கு ஆறே அடி. பாட்டி சுகமாக ஏறினார். அவருடைய பேரன் முதல் நாளே நெற்றியில் ரத்தத்தோடு நின்றான். எல்லாவற்றையும் அறுத்தெடுத்து, சுற்றுக்கு 15 படி வருமாறு என் செலவில் மறுபடி வைத்தேன். சுருளில் ஒன்றை மாற்றினால் இன்னொன்று தானாக மாறும். ஒருவருக்குச் செய்யும் நன்மை மேலேயோ கீழேயோ இருக்கும் இன்னொருவரின் தலையில் இடிக்கிறதா என்று நின்று பார்.

10. கழிவு வெளியேற வழி விடு.

டிரில் பிட்டில் சுருண்டு ஏறும் இரண்டு பள்ளங்களும் அழகுக்காக வைத்தவையல்ல. நுனி அறுத்துப் போடுகிற சீவல் அந்தப் பள்ளம் வழியாகத்தான் மேலே வருகிறது. ஆழமான துளையில் பள்ளம் அடைத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் இறக்கு, வெளியே எடு, தட்டிவிடு, எண்ணெய் விடு, மறுபடி இறக்கு. சீக்கிரம் முடிக்கிறேன் என்று ஒரே மூச்சில் இறக்கியவர்கள் உடைந்த பிட்டைத் துளைக்குள்ளேயே புதைத்தவர்கள். நானும் புதைத்திருக்கிறேன். அதைத் தோண்டி எடுக்கிற பாடு துளை போடுகிற பாட்டைப் போலப் பத்து மடங்கு. லேத்தில் சுருண்டு வரும் எஃகுச் சீவலை மட்டும் வெறுங்கையால் தொடாதே. பார்க்கத் தலைமுடிச் சுருள் மாதிரி மினுங்கும். என் இடது சுட்டுவிரலில் தையல் போட்ட தழும்பு அதன் வேலைதான். கொக்கி வைத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடு. மனசுக்குள்ளும் அன்றன்றைய வேலையில் சீவல் விழத்தான் செய்யும். முதலாளி சொன்ன சொல், கூட்டாளி செய்த குத்தல் எல்லாம் அதுதான். அன்றைக்கே தட்டிவிட்டு வீட்டுக்குப் போ. சேர்த்து வைத்தால் உள்ளேயே ஒடியும்.

11. எந்தச் சுருள் என்று கேட்டபிறகு செய்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜேக்கப் பெர்னூலி என்ற கணித மேதை இருந்தார். 1705-ல் இறந்தார். சங்கைப் போல வளர வளர அகன்றாலும் வடிவம் மாறாத சுருளின் மேல் அவருக்கு அவ்வளவு பற்று. தன் கல்லறையில் அதைச் செதுக்க வேண்டும் என்று விரும்பினார். கல்தச்சர் செதுக்கியதோ சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி விடும் சுருள், நம் கொசுவர்த்தி மாதிரி. அந்தத் தவறு இன்றும் கல்லில் நிற்கிறது. அந்தத் தச்சர் கையாலாகாதவர் என்று நான் நினைக்கவில்லை. சுருள் என்றதும் தனக்குத் தெரிந்த சுருளைச் செதுக்கிவிட்டார். ஒரு வீட்டுக்காரர் வாசல் கதவில் யாளித் துதிக்கை போலச் சுருள் வேண்டும் என்று சொன்னபோது நானும் அதையே செய்தேன். அவர் கோபப்படாமல் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆயிரங்கால் மண்டபத்தில் யாளிகளின் முன்னால் நிறுத்தினார். துதிக்கை நுனிக்கு வர வர மெலிவதையும் சுற்று நெருங்குவதையும் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். நாற்பது வருடமாக அந்த வழியே போய்வந்தவன் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். உனக்குத் தெரிந்ததை மற்றவர் கேட்டதாக எடுத்துக்கொள்ளாதே. ஊரில் இருக்கும் நல்ல வேலையை அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வா.

12. என்னையும் அளந்து பார்.

லேத்தின் முன்பக்கம் நீளமாக ஒரு மரைத்தண்டு ஓடுகிறதே, லீட் ஸ்க்ரூ, அதுதான் எல்லா மரைக்கும் தாய். நீ வெட்டுகிற ஒவ்வொரு மரையும் அதன் சுழற்சியைப் பிடித்துக்கொண்டுதான் பிறக்கிறது. 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற பட்டறைக்காரர் இதைத் துல்லியமாகச் செய்து காட்டினார். அதற்குமுன் ஒரு போல்ட்டுக்கு அதனோடு பிறந்த நட்டு மட்டுமே சேரும். ஆனால் தாயில் பிழை இருந்தால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் அந்தப் பிழை ஏறும். என் பழைய லேத்தில் வெட்டிய மரைகள் நாளாக ஆக நட்டில் லேசாக இறுகத் தொடங்கின. டூலைக் குறை சொன்னேன், இரும்பைக் குறை சொன்னேன். கடைசியில் ஒருநாள் தண்டையே அளந்தேன். மற்ற இடமெல்லாம் சரியாக இருந்தது. சக்குக்குப் பக்கத்தில், தினமும் நான் வேலை செய்கிற அந்த ஒரு முழத்தில்தான் தேய்ந்திருந்தது.

மனிதனும் அப்படித்தான். அதிகம் புழங்கிய இடத்தில்தான் தேய்மானம் அதிகம். எதை நான் மிகவும் உறுதியாகச் சொல்கிறேனோ, ஐம்பது வருடமாக எதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறேனோ, அங்கேதான் என் அளவு பிசகியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தப் பன்னிரண்டையும் அப்படியே விழுங்கிவிடாதே. ஒவ்வொன்றையும் உன் வேலையில் வைத்துப் பார். மூன்று சுற்று விரலால் ஏறுகிறதா பார். ஏறினால் வைத்துக்கொள். இறுகினால் பின்னால் திருப்பு, உன் மரையின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடு. அதற்காக நான் வருத்தப்படமாட்டேன். நீ அளக்கக் கற்றுக்கொண்டாய் என்று தெரிந்துகொள்வேன்.